தண்ணீர் புகுந்த பழைய காரை வாங்கிப் பழுதுபார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் தெருவோரம் நின்ற கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கார்கள் மிதந்து போன காட்சியை ஊரே பார்த்தது. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்து சில வாரங்கள் ஆனதும் சந்தை விலையைவிட வெகுவாகக் குறைந்த விலையில் கார்கள் விற்பனைக்கு வரத் தொடங்கும். அப்போது நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விலையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் தெரிய வேண்டியவை மூன்று. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது? வண்டி எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றது? தண்ணீரில் நின்றபோதோ வடிந்த பிறகோ யாராவது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா? இந்த மூன்றுக்கும் விற்பவர் தயங்காமல், ஒன்றுக்கொன்று முரண்படாமல் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். “லேசாகத் தண்ணீர் பட்டது, அவ்வளவுதான்” என்று மழுப்பினால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அந்தப் பதிலை ஒட்டி நீங்கள் போடும் எந்தக் கணக்கும் நிற்காது.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான விலையில், சரியான ஆளிடமிருந்து, சரியான வண்டியாக அமைந்தால் நன்றாக ஓடும். ஆனால் அப்படி அமைபவை குறைவு.

உயரத்தை வைத்து எப்படி முடிவு செய்வது?

கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடத்துக்கு மேல் ஏறும் விளிம்பு இருக்கிறதே, அதற்குக் கீழேயே தண்ணீர் நின்றிருந்தால் பெரிய கவலை இல்லை. பிரேக், சக்கரத்து பேரிங், சைலன்சர், கியர் பாக்ஸ் ஆயில் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் ஓடிய பல கார்களுக்கு நடப்பதுதான் இது.

உள்ளே புகுந்து சீட்டின் அடிப்பாகம் வரை ஏறியிருந்தால் கதையே வேறு. பெரும்பாலான கார்களில் வயரிங்கின் முக்கியக் கட்டு கதவோரமாகக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொதுவாக இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கும். மோதலின்போது சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு நடுத்தூணின் அடியில் இருக்கும். சில கார்களில் சீட்டுக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகள் உண்டு. வெளியே ஒரு கீறல்கூட இல்லாத வண்டியில் இவை அத்தனையும் நனைந்திருக்கலாம். இந்த உயரம்தான் வாங்கலாமா வேண்டாமா என்று உண்மையிலேயே யோசிக்க வேண்டிய உயரம்.

டேஷ்போர்டு வரை ஏறிய வண்டியை வாங்க வேண்டாம். கூரை வரை மூழ்கியது உதிரிபாகங்களுக்கு மட்டுமே உதவும்.

நல்ல மழைத்தண்ணீர்தானே? அதனால் என்ன ஆகிவிடும்?

தெருவில் தேங்கும்போது அது மழைத்தண்ணீராக இருப்பதில்லை. சாக்கடையும் சேறும் எண்ணெய்க் கசடும் கலந்துவிடும். தண்ணீர் வடியும், ஆனால் அந்தச் சேறு இணைப்பிகளுக்குள்ளும் பேரிங்குகளுக்குள்ளும் தங்கிக் காய்ந்துவிடும். கடலோரத்தில் உப்புத்தண்ணீர் ஏறிய வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், செம்பையும் இரும்பையும் வேகமாக அரிக்கும். இன்று ஓடும் வண்டி சில மாதங்களில் ஒவ்வொரு மின்விளக்காக, ஒவ்வொரு சென்சாராகக் கழன்று நிற்கும்.

“என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டிப் பாருங்கள்” என்கிறார். அது நல்ல அறிகுறிதானே?

அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போனபின் ஸ்டார்ட் செய்வதுதான் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. 1200 சி.சி., நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து முடியும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 சி.சி. மட்டுமே. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரும் மற்ற சிலிண்டர்களும் தள்ளுகிற வேகத்தில், பிஸ்டனை மேலே தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் என்ஜினில் அழுத்தம் இன்னும் அதிகம், மிஞ்சும் இடமோ சுமார் 20 சி.சி.தான். ஆகவே சேதமும் கூடுதல்.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், ராடு லேசாக வளைந்த என்ஜினும் ஓடும். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கும், ஆயில் கொஞ்சம் குடிக்கும், சின்ன அதிர்வு இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஒருநாள் நெடுஞ்சாலையில் ராடு முறிந்து என்ஜினின் உடலையே பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே ஓட்டிப் பார்ப்பதைவிட நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் குறைந்தால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பளிச்சென்ற புது ஆயிலாக இருந்தால் அதுவும் ஒரு கேள்விதான்: எப்போது, ஏன் மாற்றினார்கள்?

விற்பவர் “அன்றைக்கு ஸ்டார்ட்டே செய்யவில்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்பு வண்டியில் ஏற்றினோம்” என்று சொல்லி, மீட்பு வண்டிக்குப் பணம் கட்டிய ரசீதையும் காட்டினால், அந்த ரசீது உங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது.

ஆட்டோமேட்டிக் கார் என்றால்?

கூடுதல் எச்சரிக்கை தேவை. கியர் பாக்ஸுக்குள் காற்று போய்வர மேலே ஒரு சிறு துவாரம் உண்டு. சூடாக இருக்கும் கியர் பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் நின்று குளிரும்போது அந்தத் துவாரம் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேனுவல் கியர் பாக்ஸில் ஆயிலை வடித்து, அலசி, புது ஆயில் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் படலம் தண்ணீர் பட்டால் உரிந்து போகும். கியர் பாக்ஸையே மாற்ற வேண்டி வந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அதிலேயே போய்விடும். ஏ.எம்.டி. (கிளட்சையும் கியரையும் ஒரு கருவியே இயக்கும்) வகை உள்ளுக்குள் மேனுவல்தான், அதனால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கிளட்சையும் கியரையும் இயக்கும் பகுதி நனைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வெள்ளத்தில் நின்றது என்பதையே மறைத்து விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கழுவுபவர்கள் கண்ணில் படும் இடங்களைத்தான் கழுவுவார்கள். நீங்கள் கண்ணில் படாத இடங்களைப் பாருங்கள்.

முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஓர் அடியில் சேற்றுக் கறையோ தண்ணீர் நின்ற கோடோ இருக்கும். அந்த ஊரின் மற்ற கார்களைவிட இந்தக் காரின் பெல்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அடுத்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஸ்பேனர் பட்ட தடம் தெரியலாம். வெள்ளத்தில் நனையாத காரில் சீட்டைக் கழற்ற வேண்டிய தேவை அரிதாகத்தான் வரும்.

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். அங்கே தேங்கிய தண்ணீர் தானாக வெளியேறாது. ஜாக்கியும் ஸ்பேனரும் துருவேறி, குழியின் அடியில் மெல்லிய மண் படிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் அடிக்காத இரும்புச் சட்டங்கள் அங்கே இருக்கும். தண்ணீரே படக்கூடாத அந்த இடத்தில் துரு இருக்கக் காரணமே இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து இணைப்பிகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் காலடியில் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சுப் படலத்தைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அந்தப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சு உண்மையைச் சொல்லும். உள்ளே நுழைந்ததுமே வாசனைத் திரவியம் தூக்கியடித்தால் எதை மறைக்க அது தெளிக்கப்பட்டது என்று கேளுங்கள். ஏ.சி.யை வெளிக்காற்று இல்லாமல் முழு வேகத்தில் ஓடவிட்டும் முகர்ந்து பாருங்கள்.

கடைசியாக ஸ்கேனர் வைக்கச் சொல்லுங்கள். வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைக் குறிக்கும் பிழைக் குறியீடுகள் இரண்டு மூன்று இடங்களில் ஒன்றாக வந்தால் அது வயரிங்கில் ஈரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு பிழைகூட இல்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வண்டி தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கேனரிலேயே பார்க்கலாம். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், யாரோ சற்று முன்புதான் பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். ஸ்டெப்னி குழியில் துரு, டிக்கி ரப்பர் கிழிந்ததாலும் வரும். மூன்று நான்கு ஒன்றாகச் சேர்ந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது.

ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. நல்லதுதானே?

இல்லை, எரிந்து அணைய வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்துவிட்டுப் பிறகு அணைந்தால்தான் அந்த அமைப்பு தன்னைச் சோதித்துக்கொண்டு சரியாக இருக்கிறது என்று பொருள். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையென்றால் விளக்கையே துண்டித்திருக்கக் கூடும், அதுதான் மிக மோசம். தண்ணீரில் ஊறிய ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். பழைய ஏர்பேக்கையும் கடையில் வாங்கிப் பொருத்தாதீர்கள். இந்தப் பாகங்கள் புதிதாக வேண்டும். அதற்குப் பட்ஜெட்டில் இடம் இல்லையென்றால் அந்தக் கார் உங்களுக்கானது அல்ல. குழந்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டப்போகும் வண்டியில் இந்த ஒரு விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள்.

காகிதங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள், நடப்பாண்டு பாலிசி மட்டும் போதாது. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குத் தரப்படும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை போகும். 45 சதவீதம் இருந்த வண்டி வெள்ளம் வந்த ஆண்டுக்கு அடுத்த பாலிசியில் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. ஆனால் கவனம்: இந்தத் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. நடுவில் உரிமையாளர் மாறியிருந்தாலும் அது பூஜ்யமாகும். ஆர்.சி.யில் உரிமையாளர் மாறிய தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுவன சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய வேலை விவரங்களை உரிமையாளர் மூலமாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். டிசம்பரில் மீட்பு வண்டியில் வந்ததா, மதிப்பீடு போட்டபின் வேலை செய்யாமல் எடுத்துப் போனார்களா என்பது அதில் இருக்கும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு, கடன் நிலுவை, இன்சூரன்ஸ் காலாவதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். வண்டி எண் டி.என். 11, 14, 22 என்று தாம்பரம், சோழிங்கநல்லூர், மீனம்பாக்கம் பகுதியைக் காட்டுவதாலேயே அது மூழ்கிய வண்டி ஆகிவிடாது. ஆனால் அந்த எண் கொண்ட கார் வெள்ளம் முடிந்த சில மாதங்களில் தொலைவிலுள்ள ஊர் ஒன்றில், காரணம் சொல்லாமல், குறைந்த விலைக்கு நின்றால் ‘டிசம்பரில் இது எங்கே நின்றது?’ என்று கேட்பதில் தவறில்லை.

‘டோட்டல் லாஸ்’ ஆன வண்டி என்கிறார்கள். அது என்ன?

பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடும். சிதைந்த வண்டி ஏலத்தில் போகும். அதை வாங்கி, கழுவி, பூசி மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமை ஆவணத்திலேயே அந்த முத்திரை விழும். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு குறிப்பு வருவதில்லை. வாங்குபவரைக் காக்க வேண்டிய இந்த ஒரு வரி இல்லாததுதான் இவ்வளவு ஏமாற்றத்துக்கும் வழி விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, இனி ஓட்டவே முடியாத அளவுக்குச் சிதைந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு ரத்தாகும். ரத்தான பதிவு கொண்ட வண்டியை வாங்கினால் சாலையில் ஓட்ட முடியாது. இன்னோர் ஆபத்தும் உண்டு. சிதைந்த வண்டியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, திருடிய வண்டியில் அதன் எண்களைப் பொறித்து விற்கும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் உங்கள் கண்ணால் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிலும் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயிண்ட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கழுவித் துடைத்து ஓடும் நிலையில் இருக்கிறது. இன்னொன்று சேறோடு அப்படியே நிற்கிறது. எதை வாங்குவது?

என்னைக் கேட்டால், சேறோடு நிற்பதை.

கேட்பவர்கள் வியப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சேறோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் ஏறிய கோடு கதவின் உள்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. எது நனைந்தது, எது நனையவில்லை என்று தெரியும். எதை மாற்ற வேண்டும் என்று நீங்களும் உங்கள் மெக்கானிக்கும் முடிவு செய்யலாம். கழுவித் துடைத்த வண்டியில் அந்தச் சான்றை அழித்துவிட்டார்கள். நல்ல முறையில் பிரித்துச் சுத்தம் செய்தவர்களும் உண்டு. அப்படியென்றால் கழற்றிய சீட்டும் கார்ப்பெட்டும் தெரியும் படங்களும், மாற்றிய பாகங்களின் பில்லும் இருக்கும். படமும் இல்லை, பில்லும் இல்லை, பளபளப்பு மட்டும் இருக்கிறது என்றால், விற்பவர் மேலோட்டமான வேலைக்கு மட்டும் பணம் செலவழித்து அதற்கும் உங்களிடம் விலை கேட்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு நிபந்தனை உண்டு. சேறோடு நிற்கும் வண்டியை வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குள் பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடந்தால் அரிப்பு வேலையை முடித்துவிட்டிருக்கும்.

எந்த மாதிரி வண்டி தேறும்?

மேனுவல் கியர், பெட்ரோல் என்ஜின், மின்னணு வசதிகள் குறைந்த, ஊரெல்லாம் ஓடுகிற சாதாரணச் சின்ன கார். பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும். விலையுயர்ந்த வெளிநாட்டு கார் இந்த நேரத்தில் நம்ப முடியாத விலைக்கு வரும், ஆசையும் வரும். அதில் ஒரு மின்னணுப் பெட்டியின் விலைக்கு இந்தச் சின்ன காரின் உள்பக்கம் முழுவதையும் மாற்றிவிடலாம்.

கணக்கை எப்படிப் போடுவது?

ஓர் எடுத்துக்காட்டு. அதே மாடல், அதே ஆண்டு, வெள்ளம் காணாத கார் சந்தையில் 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டிக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார். உங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு 80 ஆயிரம் ஆகும் என்கிறார். அந்த 80 ஆயிரத்தை நம்பாதீர்கள். பிரித்த பிறகுதான் பாதி வேலை வெளியே தெரியும். ஒன்றரை மடங்கு போட்டு 1 லட்சத்து 20 ஆயிரம் என்று எழுதுங்கள். மொத்தம் 2 லட்சத்து 60 ஆயிரம். சந்தை விலையில் 65 சதவீதம். நான் வைத்திருக்கும் எல்லை அதுதான், அதைத் தாண்டினால் விட்டுவிடுவேன்.

ஏன் அவ்வளவு இடைவெளி? நாளை நீங்கள் விற்கும்போது வெள்ளத்தைப் பற்றி உண்மையைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அப்போது உங்களுக்கும் குறைந்த விலைதான் கிடைக்கும். ஆகவே இரண்டு ஆண்டில் விற்றுவிடலாம் என்று வாங்காதீர்கள். ஓடும்வரை நீங்களே வைத்திருப்பதாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தும். வீட்டில் இருக்கும் ஒரே வண்டி இதுவாக இருக்கக் கூடாது என்றும் சொல்வேன். வேலைக்கும் மருத்துவமனைக்கும் இதை மட்டுமே நம்பியிருப்பவர், பணம் கொஞ்சம் கூடினாலும் நனையாத பழைய காரையே வாங்கட்டும். கடன் வாங்கி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

வாங்கியாயிற்று. வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதிலிருந்து. எல்லாம் முடியும்வரை யாரையும் சாவியைத் திருப்ப விடாதீர்கள். ஈரமான மின்னணுப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால்தான் அது கருகும். மின்சாரம் இல்லாமல் நனைந்து காய்ந்தது பல நேரம் பிழைக்கும்.

பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்குகளை, டீசலில் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஸ்பேனரால் கையாலேயே சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். முதலில் ஊற்றும் என்ஜின் ஆயில் அலசுவதற்குத்தான், சிறிது நேரம் ஓடவிட்டு அதையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். எரிபொருள் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்யாமல் டீசல் என்ஜினை ஓட்டாதீர்கள், தண்ணீர் கலந்த டீசல் இன்ஜெக்டரைத் தின்றுவிடும்.

உள்பக்க வேலை இதைவிடப் பொறுமை கேட்பது. சீட்டு, கார்ப்பெட், அடிப்பஞ்சு எல்லாம் வெளியே வர வேண்டும். பஞ்சைக் காயவைக்க முயலாமல் தூக்கி எறியுங்கள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஒவ்வோர் இணைப்பியையும் பிரித்து, நல்ல தண்ணீரால் சேற்றை அலசி, மின்இணைப்புகளுக்கான கிளீனரைத் தெளித்து, முழுவதும் காயவைத்து மாட்ட வேண்டும். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற இணைப்பிகளைப் பழக்கமில்லாதவர் தொடக்கூடாது. சேற்றில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும் என்பதால் கையுறையும் காலணியும் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். எலிக்காய்ச்சல் வெறும் கையிலிருக்கும் சிறு வெட்டுக்காயம் வழியாகவே வந்துவிடும்.

பாகங்களைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கலாமா?

கதவு, கண்ணாடி, சீட்டு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றைத் தாராளமாக. வயரிங் கட்டு வாங்கினால் உங்கள் காரின் அதே ஆண்டு, அதே வகையா என்று பாருங்கள், ஒரு சொருகி மாறினாலும் பொருந்தாது. என்ஜினின் மின்னணுப் பெட்டியைப் பழையதாக வாங்கினால் அது உங்கள் சாவியின் திருட்டுத்தடுப்புக் குறியோடு சேராது. அதை மறுபடி பொருத்தித் தருபவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நீங்கள் வாங்கும் பாகமே வேறொரு வெள்ளக் காரிலிருந்து வந்ததாக இருக்கலாம். இணைப்பி ஊசிகளைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மின்சார கார், ஹைபிரிட்?

மூழ்கியதை வாங்காதீர்கள். பேட்டரிக்கு ஐ.பி. 67 தரம் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே அந்தச் சோதனை. வெள்ளத்தில் வண்டி நாள்கணக்கில் நிற்கும். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் சூறாவளிக்குப் பிறகு கடல்நீர் ஏறிய மின்சார கார்கள் தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பற்றின. வீட்டுக்கு அடியில் நிறுத்தி வைக்கக் கூடிய பொருள் அல்ல அது.

என் சொந்த காரே மூழ்கிவிட்டது. விற்பதா, பழுதுபார்ப்பதா?

இதில் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை: வண்டியின் வரலாறு முழுவதும் உங்களுக்குத் தெரியும். பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரிவு இருந்தால் வெள்ளம் அதில் அடங்கும், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உடைந்தால், என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இல்லாதவர்களின் கிளெய்மை நிறுவனங்கள் பெரும்பாலும் மறுக்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் தப்பலாம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை கழுவாமல், தண்ணீர்க் கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முழு இழப்பாக ஏற்றுக்கொள்ள நிறுவனம் தயாராக இருந்தால், வண்டி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய வெள்ளக் காருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பாலிசி இடைவெளி விழுந்த வண்டி என்றால் நிறுவனம் ஆய்வு செய்த பிறகே சொந்தச் சேதப் பிரிவு தரும். ஏற்கெனவே இருந்த சேதத்துக்குப் பின்னால் கிளெய்ம் கேட்டால் கிடைக்காது. வேலை முடிந்ததும் பில்களோடு ஆய்வுக்குக் காட்டி, உள்ளதைச் சொல்லி எடுங்கள். பாலிசி நடப்பில் இருந்தால், உரிமை மாறிய 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

வாங்கிய பிறகுதான் வெள்ளக் கார் என்று தெரிந்தது. என்ன செய்யலாம்?

முதலில் வேலை எதுவும் செய்யாமல் நிறுத்துங்கள். நிறுவன சர்வீஸ் சென்டரிலோ அனுபவமுள்ள வேறு ஒர்க்‌ஷாப்பிலோ காட்டி, தண்ணீர் புகுந்ததற்கான அடையாளங்களைப் படங்களோடு எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பாதுகாத்து வையுங்கள். விற்றவர் வியாபாரி என்றால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்தச் சான்று எண்ணை வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் இப்போது யார் மேல் புகார் கொடுப்பது என்ற குழப்பம் வராது. விற்றவர் வியாபாரி அல்லாத தனி நபர் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி, வேண்டுமென்றே மறைத்ததற்குச் சான்று இருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம்.

இதனால்தான் முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் ‘இந்த வாகனம் வெள்ளத்தில் மூழ்கியதில்லை, உள்ளே தண்ணீர் புகுந்ததில்லை’ என்று வண்டி எண்ணோடும் தேதியோடும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன். உண்மையான விற்பனையாளர் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருவார். “எல்லாம் நம்பிக்கைதானே சார்” என்று பேச்சை மாற்றுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.